செம்மறிக்கு ஆகாத பொடி

எங்க வீட்டுக்காரருக்கு ஊர் வச்ச பேர் பிண்ணாக்கு. நாலு பேர் கூடுற இடத்துல "பிண்ணாக்கு வந்திருக்காரா"ன்னு யாராவது கேட்டா, கல்யாணமான புதுசுல எனக்குச் சுருக்குன்னு இருக்கும். அப்புறம் பழகிப்போச்சு. பேர் வச்சவன் கிண்டலுக்குத்தான் வச்சான். ஆனா கூப்பிட்டவங்க எல்லாம் காரியத்துக்குத்தான் கூப்பிட்டாங்க. மாடு தீனி எடுக்கலைன்னாலும், ஆடு கழியுதுன்னாலும், குட்டி போட்ட முயலுக்கு என்ன குடுக்கணும்னு தெரியலைன்னாலும் எங்க வீட்டு வாசல்ல வந்து செருப்பைக் கழட்டுவாங்க. அந்தச் செருப்புகளை ஓரமா தள்ளித் தள்ளித்தான் நான் வாசல் பெருக்குவேன், முணுமுணுத்துக்கிட்டே. இப்ப வாசல்ல எங்க ரெண்டு பேர் செருப்பு மட்டும்தான் கிடக்கு.

அவர் பெரிய படிப்பெல்லாம் படிச்சவர் இல்ல. அப்பா போனதும் பள்ளிக்கூடத்தை விட்டுட்டு தீவனக் கடையில மூட்டை தூக்கப் போனவர். தம்பி அப்ப கைக்குழந்தை. மாமியார் பெரிய பிள்ளையை வேலைக்கு அனுப்பிட்டு, சின்னதை இடுப்புல வச்சுக்கிட்டு வாசல்ல நிப்பாங்களாம். யாராவது பாவம்னு சொன்னா, "பெரியவன் எப்படியும் பிழைச்சுக்குவான்"னு சொல்லுவாங்களாம். அன்னைக்குச் சொல்ல ஆரம்பிச்சது. நான் மருமகளா வந்த பிறகும் அதையேதான் சொன்னாங்க. பிழைச்சுக்குவான்னு முடிவு பண்ணிட்டா அப்புறம் அந்தப் பிள்ளை பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லையே, எவ்வளவு வசதி பாருங்க.

மூட்டை தூக்கின இடத்துலேயே அவர் எல்லாத்தையும் கத்துக்கிட்டார். பிறகு சேர்த்து வச்சு, வீட்டுக்குப் பின்னாடி தகரக் கொட்டகை போட்டு, பால் வெள்ளாடு வளர்க்க ஆரம்பிச்சார். வீட்டுல எனக்கும் அவருக்கும்னு ஒரு ரூம், சாமான் வைக்க ஒரு ரூம். அந்த ரெண்டாவது ரூம் எனக்குன்னு நான் நினைச்சுக்கிட்டிருந்தேன். தையல் மிஷின் போடலாம்னு ஜன்னல் கூடப் பார்த்து வச்சேன். ஒரு வாரத்துல அங்க மக்காச்சோளமும் தவிடும் பிண்ணாக்கும் வந்து குடியேறிடுச்சு. என் மிஷின் இன்னும் கட்டிலுக்கு அடியிலதான் இருக்கு.

அவர் தீனி பார்க்கிறதை நீங்க ஒரு தடவை பார்த்திருக்கணும். உடைச்ச சோளத்துல கை விட்டு ஒரு பிடி எடுத்து இறுக்குவார். கையைத் திறந்ததும் பொலபொலன்னு உதிரணும். கட்டியா நின்னா ஈரம்னு அர்த்தம், மூட்டை திரும்பப் போயிடும். கடலைப் பிண்ணாக்கை உடைச்சு வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பச்சையா, சாம்பலா ஒரு பொட்டு தெரிஞ்சாலும் போச்சு, பூஞ்சணம், பாலுக்கே விஷம்பார். கடைசியா வாயில ஒரு துண்டு போட்டு மெதுவா மெல்லுவார். கடைக்காரர் முகத்துல ஈயாடாது. கண்ணைக் கட்டிவிட்டு மோந்து பார்க்கச் சொன்னாலும் எந்த மூட்டை எதுன்னு சொல்லிடுவார்னு ஒரு பேச்சு. ஒரு நாள் கடையில பந்தயமாவே வச்சுப் பார்த்தாங்க. ஜெயிச்சுட்டு வந்து என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

எல்லா ஆட்டுக்கும் ஒரே அளவு போடவே மாட்டார். பால் கறக்கிறதுக்குப் பாலுக்குத் தக்க கலவை. சினையா இருக்கிறதுக்குக் கடைசி நாள்ல கொஞ்சம் கொஞ்சமா ஏத்துவார். பால் வத்தினதுக்கு வெறும் தழையும் காய்ஞ்ச புல்லும்தான். "முதல்ல தழை, அப்புறம்தான் தானியம். வெறும் வயித்துல தானியம் போனா வயிறு புளிச்சுப்போகும்"னு வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லுவார். புது மூட்டை வந்தா பழசோட கலந்து, பல நாள் எடுத்துத்தான் மாத்துவார். எனக்கு எது பிடிக்கும்னு கேட்டா திருதிருன்னு முழிக்கிற மனுஷன், கோணக்கொம்பி ஆட்டுக்கு வேப்பந்தழை பிடிக்கும், அது தாய்க்குப் பிடிக்காதுன்னு வம்ச வரலாறே சொல்லுவார்.

அந்தக் கோணக்கொம்பி ஒரு நாள் தீனித் தொட்டியை மோந்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. "ராணி பரம்பரை, இதுக்கு விருந்து வைக்கணும்"னு நான் திட்டினேன். அவர் வந்து தொட்டியில இருந்து எடுத்து வாயில போட்டுப் பார்த்தார். உப்பு கூடிப்போயிருந்தது. "தின்னலைன்னா அதைத் திட்டாதே, நாம என்ன போட்டோம்னு பாரு"ன்னார். எனக்கு எரிச்சல்தான் வந்துச்சு. ஆட்டுக்கு வக்காலத்து வாங்குறதுல பாதி எனக்கு வாங்கியிருந்தா நான் எங்கேயோ போயிருப்பேன்.

இப்படி இருக்கும்போதுதான் கொழுந்தன் ஊர் திரும்பினான். வெளியூர்ல வண்டி ஓட்டிக்கிட்டிருந்த வேலை போயிடுச்சு. பெண்டாட்டியோட வந்து வீட்டு முன்பக்கத்துல குடியிருந்தான். அண்ணன்தான் யோசிச்சு, "செம்மறி வளர்க்கலாம்டா. பின்னாடி பொட்டல்ல மேய்ச்சல் இருக்கு, அதிகச் செலவில்ல. வளர்த்து மொத்தமா குடுத்துட்டு ஒரு சரக்கு வண்டி எடுத்துக்க. சொந்த வண்டின்னா யாரும் உன்னை வேலையை விட்டுப் போன்னு சொல்ல முடியாது"ன்னு சொன்னார். குட்டிகளை அவரே போய்ப் பல்லைப் பார்த்து, காலைப் பார்த்து வாங்கிட்டு வந்தார். தம்பி சொந்த வண்டியில ஏறி உட்காரணும், அதைத் தான் பார்க்கணும், அவ்வளவுதான் அவருக்கு ஆசை. தனக்குன்னு அந்த மனுஷன் எதுக்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்ல.

கொட்டகைக்கு நடுவுல ஒரு தட்டி வச்சு, இந்தப் பக்கம் எங்க வெள்ளாடு, அந்தப் பக்கம் கொழுந்தனோட செம்மறி. ரெண்டுக்கும் தீனி கலக்குறது அவர்தான். அங்கதான் வம்பு ஆரம்பிச்சது.

வெள்ளாட்டுக்குக் கலக்கும்போது நீல டிரம்ல இருந்து தாது உப்புப் பொடி கொஞ்சம் எடுத்துச் சேர்ப்பார். சாம்பல் நிறம், துருப்பிடிச்ச இரும்பு வாசனை. செம்மறிக்கு அதைச் சேர்க்க மாட்டார். அதுக்குன்னு தனியா ஒரு சின்ன வாளியில வேற உப்பு வச்சிருந்தார். வெள்ளாட்டுக்குத் தொட்டி நிறையக் கலவை, செம்மறி மேய்ஞ்சுட்டு வந்தா ஒரு கை அளவு. மாமியார் சுவர் ஓரமா ஸ்டூல் போட்டு உட்கார்ந்து இதைத்தான் பார்த்துக்கிட்டிருப்பாங்க. வெள்ளாடுங்க தோல் பளபளன்னு மின்னும். செம்மறிங்க மண்ணுல புரண்ட மூட்டை மாதிரி நிக்கும். கம்பளி மூடின உடம்பு எங்க பளபளக்கும்? அதை யார் போய் அவங்களுக்குச் சொல்றது.

ஒரு நாள் காலைல எல்லாரும் இருக்கும்போது கேட்டுட்டாங்க.

"ஏன்டா, அந்தப் பொடியை உன் ஆட்டுக்கு மட்டும் போடுற. சின்னவன் ஆட்டுக்கு ஏன் போடல?"

"அது செம்மறிக்கு ஆகாதும்மா. அதுல செம்பு இருக்கு. வெள்ளாட்டுக்கு வேணும். செம்மறிக்கு ஈரல்ல தங்கி விஷமாயிடும்."

கொழுந்தன் சிரிச்சான். "விஷத்தையாண்ணே உன் ஆட்டுக்குப் போட்டு எங்களுக்குப் பால் குடுக்குற?"

"ஒவ்வொண்ணுக்கும் உடம்பு வேறடா. நம்பு."

"நம்பாம என்ன. இருந்தாலும் பார்க்கிறவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கு. உன் பக்கம் தொட்டி நிறைய, என் பக்கம் ஒரு கை."

"பால் குடுக்கிறதுக்கு வேணும்டா. மேயுறதுக்கு எதுக்கு? அதிகமா போட்டா கொழுப்புதான் வைக்கும்."

மாமியார் ஸ்டூலை விட்டு எழுந்தாங்க. முந்தைய நாள் வரைக்கும் எங்க அடுப்புல போட்ட டீயைத்தான் குடிச்சாங்க. அன்னைக்கு நான் டம்ளரை நீட்டினப்ப, "வேண்டாம், ஒரே வயித்துல பொறந்தவனுக்கு ஓரவஞ்சனை பண்ற வீட்டுல எனக்குத் தொண்டையில இறங்காது"ன்னு சொல்லிட்டு முன்பக்கம் போயிட்டாங்க. அதோட சரி, எங்க வீட்டுத் தண்ணி கூட அவங்க வாயில படல. என் ஓரகத்தி, அதாவது கொழுந்தன் பெண்டாட்டி, அந்தப் பக்கம் டம்ளரைக் கழுவுற சத்தம் எனக்குக் கேட்கணும்னே கழுவுவா.

"ஒரு பிடி பொடிதானே, போட்டுத் தொலைங்களேன், வீட்டுல நிம்மதியாவது இருக்கும்"னு அவர்கிட்ட சொன்னேன். "நிம்மதிக்காக எல்லாம் ஆட்டைக் கொல்ல முடியாது"ன்னு சொல்லிட்டுத் தவிடு சலிக்கப் போயிட்டார்.

கொஞ்ச நாள் கழிச்சு, தீனி ரூம்ல நின்னுக்கிட்டு என்னைக் கூப்பிட்டார். நீல டிரம் மூடி அவர் கையில இருந்துச்சு.

"பொடி சீக்கிரம் தீருது. உங்க அக்கா வீட்டு மாடு கன்னு போட்டிருக்குன்னு சொன்னல்ல?"

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆச்சு. புரிஞ்சதும் உடம்பெல்லாம் எரிஞ்சது. இந்த வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து என் அக்கா வீட்டுக்கு ஒரு கறிவேப்பிலை கொத்து கூட நான் கொண்டுபோனதில்ல. "ஆமா, உங்க பொடியைத் திருடித்தான் எங்கக்கா மாடி வீடு கட்டுறா"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அவர் மறுபடி ஒண்ணும் கேட்கல. ஆனா டிரம் மூடி மேல ஒரு கல்லு ஏறிடுச்சு. அந்தக் கல்லை நான் கூட்டும்போதும் மெழுகும்போதும் பார்ப்பேன். பார்க்கிறப்ப எல்லாம் இந்த ஆள்கிட்ட இனி பேசவே கூடாதுன்னு நினைப்பேன். என்னைச் சந்தேகப்படத் தோணின மனுஷனுக்குப் பெத்தவ மேல தோணல. ஏன்னா தூசி பட்டா தும்மல் வரும்னு மாமியார் அந்த ரூம் வாசப்படியைக் கூட மிதிக்க மாட்டாங்கன்னு எங்க எல்லாருக்கும் தெரியும். அப்படித்தான் நாங்க நினைச்சுக்கிட்டிருந்தோம்.

மாசங்கள் போச்சு. செம்மறிங்க நல்லாவே வளர்ந்துச்சு. மாமியார் முகத்துல ஒரு தெளிவு. "இப்பதான் ஆடு ஆடு மாதிரி இருக்கு"ன்னு தனக்குத்தானே சொல்லிக்குவாங்க. அவரும், "பார்த்தியா, மேய்ச்சல்லயே எப்படித் தேறிடுச்சு"ன்னு சந்தோஷப்பட்டார். கொழுந்தன் சரக்கு வண்டி ஒண்ணு பார்த்துப் பேசி வச்சுட்டான். வீட்டுல எல்லாருக்கும் வண்டிப் பேச்சுதான். என் ஓரகத்தி கூட என்கிட்ட வந்து, "அக்கா, முதல் சவாரி எல்லாரும் சேர்ந்து போகலாம்"னு சொன்னா. அவ்வளவு நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டிருந்தவ வந்து சொன்னதும் எனக்கு மனசு இளகிடுச்சு, உண்மையைச் சொல்றதுக்கென்ன.

வியாபாரி வந்தார். கூட வந்த ஆளுங்க ஒவ்வொரு செம்மறியா துரத்திப் பிடிச்சு, காலைக் கட்டித் தூக்கி எடை பார்த்தாங்க. நாய் குரைக்குது, ஆடெல்லாம் மிரண்டு சுவர்ல முட்டுது. "இப்படித் துரத்தாதீங்கய்யா"ன்னு அவர் கத்திக்கிட்டே இருந்தார். மறுநாள் காலைல லாரி வரும்னு சொல்லிட்டுப் போனாங்க.

காலைல நான் பால் பாத்திரம் எடுக்கப் போனப்ப தட்டிக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்ல. எட்டிப் பார்த்தேன். பாதி ஆடு படுத்திருந்துச்சு, மீதி தலையைத் தொங்கப் போட்டு நின்னுச்சு. தரையில மூத்திரம் காப்பித் தண்ணி மாதிரி கருஞ்சிவப்பா ஓடிக்கிடந்தது. நான் போட்ட கூச்சல்ல அவர் ஓடி வந்தார். ஒரு ஆட்டோட கண்ணை விரிச்சுப் பார்த்தார். மஞ்சளா இருந்துச்சு. அப்படியே தரையில உட்கார்ந்துட்டார்.

லாரி வந்து, பார்த்துட்டு, காலியா திரும்பிப் போச்சு. கால்நடை டாக்டரம்மா வந்து சேர்றதுக்குள்ள ஆறேழு செத்திருந்துச்சு. அதுல ஒண்ணை அறுத்துப் பார்த்தாங்க. உள்ள எல்லாம் மஞ்சள் பூத்து, ஈரல் கலங்கி இருந்துச்சு. கையைக் கழுவிட்டுக் கேட்டாங்க.

"வெள்ளாட்டுக்குப் போடுற தாது உப்பு இதுங்களுக்குப் போட்டீங்களா?"

"இல்லையே"ன்னான் கொழுந்தன்.

"ஒரு நாள், ரெண்டு நாள் போட்டு இப்படி ஆகாது. மாசக்கணக்கா போயிருக்கு. ஈரல்ல சேர்ந்துக்கிட்டே இருந்திருக்கு, வெளிய ஒண்ணும் தெரியாது. நேத்து மிரண்டு ஓடினதுல மொத்தமும் ரத்தத்துல இறங்கிடுச்சு. இங்க தீனி யார் போடுறது?"

எல்லார் கண்ணும் அவர்கிட்ட போச்சு. அவர் கண்ணு வேற எங்கயோ இருந்துச்சு. நானும் அங்க பார்த்தேன். தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல மாமியார் நின்னாங்க. காலைக் குளிருக்குப் போர்த்துற சால்வை. சால்வைக்குள்ள ரெண்டு கையாலயும் எதையோ இறுக்கிப் பிடிச்சிருந்தாங்க. சால்வை விலகின இடத்துல ஒரு தகர மூடி தெரிஞ்சுது. அவங்க மாத்திரை போட்டு வச்சுக்கிற பழைய பிஸ்கட் டப்பா. சால்வை ஓரத்துலயும் விரல் இடுக்குலயும் சாம்பல் நிறத்துல பொடி. காலைல ஆடு லாரி ஏறுறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு பிடி போட வந்தவங்க, டப்பாவை மறைக்க வழியில்லாம அப்படியே நின்னிருக்காங்க. அவர் பால் ஊத்தப் போற நேரம், நான் தண்ணி பிடிக்கப் போற நேரம், தினமும் தீனி ரூமுக்குள்ள போயிருக்காங்க. கல்லைத் தூக்கி வச்சுட்டு, அள்ளிட்டு, திரும்பக் கல்லை வச்சிருக்காங்க. அவர் திரும்பி வர்றதுக்குள்ள ஆடுங்க தொட்டியைச் சுத்தமா நக்கியிருக்கும்.

சொல்லுவாங்கன்னு நான் பார்த்தேன். தெரியாம பண்ணிட்டேன், பாசத்துல பண்ணிட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சது. டப்பாவைச் சால்வைக்குள்ள இன்னும் உள்ள தள்ளிக்கிட்டாங்க.

"நான்தான் போட்டேன், டாக்டரம்மா"ன்னார் என் வீட்டுக்காரர். "டிரம் மாறிப்போச்சு. கவனிக்காம கலந்துட்டேன்."

நான் வாயைத் திறந்தேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்படி ஒரு பார்வையை அதுக்கு முன்னாடி நான் பார்த்ததில்ல. வாய் தானா மூடிக்கிச்சு.

கொழுந்தன் மெதுவாத்தான் பேசினான். கத்தியிருந்தாலாவது பரவாயில்ல.

"டிரம் மாறிப்போச்சா? கண்ணைக் கட்டினாலும் மோந்து பார்த்தே மூட்டையைச் சொல்ற ஆளு நீ. மாசக்கணக்கா உனக்கு டிரம் மாறிப்போச்சா?"

"தப்பு நடந்துபோச்சுடா."

"செம்மறிக்கு விஷம்னு என்கிட்ட சொன்னதே நீதானே. உன் வாயால சொன்னியே. எனக்கு அப்ப உறைக்கல. நான் வண்டி எடுத்துடுவேன்னு உனக்கு அவ்வளவு வயித்தெரிச்சலா?"

அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். அவர் வித்தையே அவருக்கு எதிர்ச் சாட்சியா நின்னுடுச்சு. ஒண்ணும் தெரியாதவன்னு பேர் எடுத்தவனா இருந்திருந்தா, தெரியாம நடந்துச்சுன்னு ஊர் நம்பியிருக்கும்.

அன்னைக்குத் தீனி ரூம் கதவைச் சாத்திட்டு நான் அவரைப் பிடிச்சுக்கிட்டேன்.

"பண்ணினது உங்கம்மா. பேசாம நிக்கிறது உங்கம்மா. நீங்க ஏன் தலையைக் குடுக்கறீங்க?"

"அவனுக்குத் தெரிஞ்சா அம்மாவை மன்னிக்க மாட்டான். அம்மாவுக்கு அவன் முகம் கோணினா சோறு இறங்காது."

"உங்க முகம் கோணினா?"

"நான் எப்படியும் பிழைச்சுக்குவேன்"னார். சொல்லிட்டு, அது யார் பேச்சுன்னு அவருக்கே தெரிஞ்சிருக்கணும், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டார். "நீ இந்த ஊர்ல யார்கிட்டயும் சொல்லக்கூடாது. சொன்னா நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்."

நான் சரின்னேன். இன்னைக்கு வரைக்கும் கொழுந்தன்கிட்ட சொல்லல. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு யாரும் என்கிட்ட கேட்டுக்கல, அதனால சொல்றேன்.

என்னைச் சந்தேகப்பட்டதுக்கு ஒரு வார்த்தை சொல்லுவார்னு பார்த்தேன். டிரம் மேல இருந்த கல்லை எடுத்து வெளிய போட்டார். அவ்வளவுதான் எனக்குக் கிடைச்சது.

பொழைச்ச நாலஞ்சு செம்மறியை வந்த விலைக்குத் தள்ளிட்டு, கொழுந்தன் ரெண்டு தெரு தள்ளி வீடு பார்த்துப் போயிட்டான். மாமியாரையும் கூட்டிட்டுப் போனான். போறப்ப அவங்க கொட்டகைப் பக்கம் திரும்பிக் கூடப் பார்க்கல. போன இடத்துல கேட்டவங்களுக்கு எல்லாம் சின்னவனும் அவன் பெண்டாட்டியும் கதை சொன்னாங்க. மாமியார் பக்கத்துல உட்கார்ந்து, "என்னத்தைச் சொல்ல, எல்லாம் என் வயித்துல பொறந்ததுங்க"ன்னு பெருமூச்சு விட்டாங்களாம்.

ஊர் வாய்க்கு அது போதும். வாசல்ல செருப்புக் குறைஞ்சுது. மாட்டுக்குத் தீனி கேட்டுத் தினமும் வந்துக்கிட்டிருந்த ஒரு அம்மா, அவரைக் கண்டா எதிர்ப் பக்கம் போயிடுவாங்க. கூடப்பிறந்தவன் ஆட்டுக்கே விஷம் வச்சவன் வீட்டுப் பால் எதுக்குன்னு டீக்கடைக்காரர் பாலை நிறுத்தினார். வாங்க ஆளில்லாத பாலைக் கறந்து குட்டிகளுக்கே விட்டோம். கடைசியில வெள்ளாடுகளையும் ஒவ்வொண்ணா குடுத்தோம். கோணக்கொம்பியைக் கூட்டிட்டுப் போன ஆளுக்குப் பின்னாடியே இவர் தெருக்கோடி வரைக்கும் போய், "தீனியை உடனே மாத்திடாதீங்க. பழசும் புதுசுமா கலந்து குடுங்க"ன்னு சொல்லியிருக்கார். அந்த ஆள், "நீங்க சொல்லி நான் குடுக்கவா"ன்னு கேட்டுட்டுப் போனானாம். இதையும் பக்கத்து வீட்டுக்காரிதான் எனக்குச் சொன்னா.

இப்ப அவர் முன்ன இருந்த அதே தீவனக் கடையில அதே மூட்டையைத் தூக்குறார். தூக்கலாம், பேசக்கூடாதுன்னு சொல்லித்தான் சேர்த்துக்கிட்டாங்க. வெளியூர்ல இருந்து வந்த யாராவது விஷயம் தெரியாம, "பால் ஆட்டுக்கு எது நல்லதுங்க"ன்னு கேட்டா, "மூட்டையில எழுதியிருக்கும், படிச்சுப் பாருங்க"ன்னு சொல்லிட்டு உள்ள போயிடுறார். ஒரு நாள் நான் சாப்பாடு கொண்டுபோனப்ப பார்த்தேன், யாரும் இல்லாத நேரமா பார்த்து ஒரு மூட்டையில கை விட்டு, ஒரு பிடி எடுத்து, இறுக்கித் திறந்து பார்த்துக்கிட்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைத் தட்டிக்கிட்டார்.

போன மழைக்காலத்துல மாமியார் படுத்துட்டாங்க. மாத்திரை மாத்திரையா முழுங்கி நாக்கு கசந்துபோய் எதுவும் இறங்கலைன்னு கேள்விப்பட்டார். அதுக்கப்புறம் மனுஷன் வீட்டுல நிலைகொள்ளல. கொழுந்தன் வேலைக்குப் போயிருக்கிற நேரம் வந்துட்டுப் போகலாம்னு ஓரகத்தி சொல்லி அனுப்பினா. கஞ்சி காய்ச்ச வந்துச்சு பாருங்க அவருக்கு ஒரு வேகம். பல் இல்ல, அதனால அரிசியை வறுத்து உடைக்கணும். வயித்துல வாயு, அதனால பயறு தோல் இருக்கக்கூடாது. நாக்கு கசக்குது, அதனால துளி இஞ்சி. எவ்வளவோ நாளைக்கு அப்புறம் அவர் கையில சல்லடையைப் பார்த்தேன். மாமியாரை நினைச்சா எனக்குப் பத்திக்கிட்டுத்தான் வந்துச்சு. ஆனா அவர் சலிச்சுக்கிட்டிருந்ததைப் பார்த்துட்டு அடுப்பை மூட்டினேன். உப்பு மட்டும் நான் போட்டேன்.

ஓரகத்தி கதவைத் திறந்துவிட்டுட்டு உள்ள போயிட்டா. ஊசி போட வந்த நர்ஸ் பொண்ணு மருந்தைச் சரி பண்ணிக்கிட்டிருந்தா. மாமியார் தலையணையில சாய்ஞ்சு, எலும்பும் தோலுமா இருந்தாங்க. அவர் கட்டில் ஓரத்துல உட்கார்ந்து, கஞ்சியை ஆத்தி, முதல்ல தான் ஒரு வாய் குடிச்சுப் பார்த்துட்டு, ஸ்பூனை அவங்க வாய்கிட்ட கொண்டுபோனார்.

"அம்மா, கொஞ்சம் குடிம்மா."

மாமியார் ஸ்பூனைப் பார்த்தாங்க, அவரைப் பார்த்தாங்க. உதட்டை இறுக்கிக்கிட்டாங்க. பிறகு தலையைத் திருப்பி நர்ஸ்கிட்ட சொன்னாங்க.

"இவன் குடுக்கறது எனக்கு வேண்டாம்மா. இவன் போட்ட தீனியிலதான் சின்னவன் ஆடெல்லாம் செத்துச்சு."

மறந்துட்டாங்களா, சொல்லிச் சொல்லி அவங்களே நம்பிட்டாங்களா, இல்ல சாகும்போதும் சின்னவன்கிட்ட தன் பேரைக் காப்பாத்திக்கிறாங்களா, எனக்குத் தெரியாது. அந்தப் பொண்ணு அவர் கையில இருந்த ஸ்பூனைப் பார்த்தா. பார்த்துட்டு, மருந்துத் தட்டைத் தன் பக்கமா நகர்த்தி வச்சுக்கிட்டா. எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. டப்பா, சால்வை, பொடி, எல்லாம். அவர் திரும்பி அதே பார்வையைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்துக்கிட்டு நின்னேன். அவர் ஸ்பூனைக் கிண்ணத்துல வச்சுட்டு, போர்வையை அவங்க கால் வரைக்கும் இழுத்துவிட்டுட்டு எழுந்தார்.

தெருவுக்கு வந்து கொஞ்ச தூரம் நடந்தோம். முனையில ஒரு மூடின கடை வாசல்ல நின்னு பாத்திரத்தைத் திறந்தார். ஒரு ஸ்பூன் எடுத்து வாயில வச்சு, கண்ணை மூடிக்கிட்டு, பிண்ணாக்கு மெல்ற மாதிரி மெதுவா மென்னார்.

"உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு, அதான் வேண்டாங்கறாங்க"ன்னார். "நாளைக்குக் குறைச்சுப் போடு."

உப்பு தூக்கலா இல்ல. கிளம்பும்போது நானும் ருசி பார்த்தேன், சரியாத்தான் இருந்துச்சு. அதைச் சொல்லலாம்னு வாயெடுத்தேன். அவர் அதுக்குள்ள இன்னொரு வாய் எடுத்து வச்சு, தான் எங்க தப்புப் பண்ணினோம்னு தேடிக்கிட்டிருந்தார்.